நாலாம் படியின் தூசி

அன்று மாலை, பெத்லகேமுக்குப் பக்கத்து ஊரான பேத் தூத்தின் தேவாலயத்தில் இருந்தவர்கள்:

டாக்டர் ரமீஸ். வைத்தியர் அல்ல, தலைமைத்துவத்தில் டாக்டர். பட்டத்தை டெக்ஸாஸில் வாங்கியவர். எந்தச் சபையையும் சேராத ஒரு புதுச் சபையைச் சேர்ந்தவர்.

அபூனா இஸ்திஃபான், கிரேக்கச் சபையின் பாதிரியார். ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன். தாடியை வைத்துப் பார்த்தால் ஆபிரகாமுக்கும் தகப்பன்.

அபூனா லுவீஸ், லத்தீன் சபை என்று ஊர் சொல்லும் கத்தோலிக்கச் சபையின் பாதிரியார். மனைவி, பிள்ளைகள் கிடையாது. ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு.

தவ்ஃபீக், சாரணர் படைத் தலைவன். தூங்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்று அவன் மனைவி சொல்வாள்.

அபூ யாசீன், தேவாலயத்தின் சாவிக்காரர். முஸ்லிம். சாவியை எதிர்ச்சபைக்காரனிடம் கொடுப்பதைவிட முகமது நபியைப் பின்பற்றுகிறவனிடம் கொடுப்பதே மேல் என்று இரண்டு சபைகளும் அந்தக் காலத்தில் ஒருமனதாக முடிவு செய்தன. அதற்குப் பிறகு அவை எதிலும் ஒருமனப்பட்டதில்லை.

நஜ்லா, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. மறுநாள் மதியம் இதே தேவாலயத்தில் அவளுக்குக் கல்யாணம்.

கர்த்தரும் நம் நடுவே இருக்கிறார் என்று டாக்டர் தொடக்க ஜெபத்தில் சொன்னார். நடந்ததைப் பார்த்தால் கர்த்தர் பாதியில் எழுந்து போயிருக்க வேண்டும்.

பயிற்சியின் பெயர் 'நிலம் பேசும், தலைவன் கேட்பான்.' வரலாறும் நிலமும்தான் பாடம் என்றார் டாக்டர். வகுப்பறை வேண்டாம், கரும்பலகை வேண்டாம், காலில் நல்ல செருப்பு இருந்தால் போதும். கல்யாணத்துக்கு முந்தின நாள் நஜ்லாவுக்கு இங்கே என்ன வேலை என்றால், பயிற்சிக்குப் பணம் தருகிறவர்கள் போட்டோவில் ஒரு பெண்ணாவது நிற்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பாதிரியார்களும் தனித்தனியே அவள் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊரில் முழுப் பாவாடை கட்டிய தலைவர் வேறு யாரும் அவர்களுக்கு நினைவுக்கு வரவில்லை.

காலையில் டாக்டர் எல்லாரையும் ஒரு வறண்ட கிணற்றைச் சுற்றி நிற்க வைத்தார். தலைவனைச் சகோதரர்கள் குழியில் தள்ளுவார்கள், அதற்கு யோசேப்பைப் பாருங்கள் என்றார். அபூனா இஸ்திஃபான் அபூனா லுவீஸைப் பார்த்தார். அபூனா லுவீஸ் கிணற்றின் ஆழத்தைப் பார்த்தார். பிறகு மலைமேல் ஏறினார்கள். தாவீது கூழாங்கல் பொறுக்கிய ஓடை அதோ இருக்கிறது என்று டாக்டர் மேற்கே கையை நீட்டினார். ஓடை ராணுவம் போட்ட வேலிக்கு அப்பால் இருந்தது. அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும். டாக்டரிடம் இருந்தது, மற்றவர்களிடம் இல்லை.

"நிலம் நமக்கு என்ன சொல்லுது?" என்று டாக்டர் கேட்டார்.

"திரும்பிப் போங்கன்னு சொல்லுது," என்றான் தவ்ஃபீக்.

நஜ்லா சிரிக்கவில்லை. அவள் நினைப்பு மறுநாள் மதியத்தில் இருந்தது. மாப்பிள்ளை பிஷாரா, லத்தீன் சபைக்காரன், மருந்துக்கடைக்காரன், மனைவியை இழந்தவன். கல்யாணத்தை ஏற்கனவே மூன்று முறை தள்ளிப் போட்டவன். முதலில் அவன் அம்மா செத்த துக்கம். அடுத்தது ஊரடங்கு. அதற்கடுத்து, மகள் மனம் நோகும் என்றான். மகள் சிலியில் இருந்துகொண்டு அப்பாவை யாராவது கட்டித் தொலைக்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். பிஷாரா கெட்டவன் இல்லை. நோயாளிக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, சாப்பிடலாமா வேண்டாமா என்று யோசனை சொல்கிற ஆள். திங்கட்கிழமை கிரேக்க நோன்பு தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை ஊரில் எந்தச் சபையிலும் கல்யாணம் கிடையாது. இன்னொரு முறை தள்ளிப் போட அவனுக்குக் காரணம் கிடைத்தால் பிறகு அவன் வரவே மாட்டான் என்று நஜ்லாவுக்குத் தெரியும். அவளுக்கு நாற்பத்து நாலு வயது. இந்த மாதிரி விஷயங்களில் அவள் தன்னை ஏமாற்றிக்கொள்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

மாலையில் எல்லாரும் தேவாலயத்துக்கு வந்தார்கள். கடைசிப் பாடம் தாழ்மை.

டாக்டர் தன் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே புத்தம் புதுத் துடைப்பங்கள், குப்பை அள்ளும் தட்டுகள், எல்லாவற்றிலும் பயிற்சியின் பெயர் ஒட்டியிருந்தது.

"இயேசு சீடர்களோட காலைக் கழுவினார்," என்றார். "நாம இந்த ஆலயத்தோட காலைக் கழுவப் போறோம். ஆனா இன்னிக்கு ஊர்ல தண்ணி வரலையாம். அதனால பெருக்குவோம்."

நஜ்லா சட்டென்று இரண்டு பாதிரியார்களையும் பார்த்தாள்.

தேவாலயத்துக்குள்ளே, ஒரு புனிதை ஒளிந்திருந்த குகைக்கு ஏழு படிகள் இறங்குகின்றன. மேலே மூன்று படிகளை லத்தீன்காரர்கள் பெருக்குவார்கள். கீழே மூன்றைக் கிரேக்கர்கள் பெருக்குவார்கள். எந்த இடத்தை எவன் பெருக்குகிறானோ அந்த இடம் அவனுக்குச் சொந்தம். இது துருக்கியர் காலத்து வழக்கம். துருக்கியர் போனார்கள், ஆங்கிலேயர் வந்து போனார்கள், அப்புறம் யார் யாரோ வந்தார்கள். வழக்கம் மட்டும் போகவில்லை. நடுவில் இருக்கும் நாலாவது படியை யாரும் பெருக்குவதில்லை. அதன்மேல் தூசி மெத்தை மாதிரி படிந்திருக்கும். அதில் கால் வைத்தால் தூசி குறையும் என்று எல்லாரும் தாண்டித்தான் இறங்குவார்கள். தாண்டித் தாண்டி ஊரில் பாதிப்பேருக்கு முழங்கால் போய்விட்டது. ஆனாலும் சண்டை வந்ததில்லை. பேத் தூத்தில் சமாதானம் என்று ஒன்று இருந்தால் அது அந்தத் தூசிதான்.

"டாக்டர்," என்றாள் நஜ்லா, "இங்க பெருக்குறதுங்கிறது வேற சமாச்சாரம். வெளிய முற்றத்தைப் பெருக்கலாமே."

"மிஸ் நஜ்லா, தாழ்மைக்கு எல்லை போடக் கூடாது."

"இங்க எல்லை போட்டிருக்கு. அந்த நாலாவது படியிலதான் போட்டிருக்கு."

டாக்டர் பரிவோடு தலையை ஆட்டினார். "பாருங்க, வரலாறு எப்படி நம்மளைக் கட்டிப் போடுதுன்னு," என்று மற்றவர்களிடம் சொன்னார். காலை முழுக்க வரலாற்றைக் கேட்கச் சொன்னவர் அவர்தான். நஜ்லா இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் அவளுக்கு மருதாணி வைக்கப் பெண்கள் காத்திருந்தார்கள். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று பேசாமல் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தூண் பக்கம் போனாள்.

அந்நியன் ஒருவன் தெரியாமல் அந்தப் படியைப் பெருக்கியிருந்தால் ஊர் மன்னித்திருக்கும். பெருக்கியவர்கள் அந்நியர்கள் அல்ல. படியின் ஒவ்வொரு அணு தூசியும் அவர்களுக்குத் தெரியும். பெருக்குவது தாழ்மை என்று டாக்டர் பட்டம் வாங்கிய ஒருவர் சொல்லிவிட்ட பிறகு, சர்வ தாழ்மையோடு படியைச் சொந்தமாக்கிக்கொள்ள ஒரு வாசல் திறந்துவிட்டது. இப்படி ஒரு வாசல் பாட்டன் பூட்டன் காலத்தில் திறக்கவில்லை.

அபூனா இஸ்திஃபான் தம் கடைசிப் படிகளிலிருந்து ஆரம்பித்தார். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏழாவதைப் பெருக்கினார், ஆறாவதைப் பெருக்கினார், ஐந்தாவதைப் பெருக்கினார். நிமிர்ந்து முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று தோன்றியதும் துடைப்பத்தின் நுனியால் நாலாவதின் ஓரத்தை மெல்ல வருடினார்.

அபூனா லுவீஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அபூனா, நீங்க பெரியவங்க. அவ்வளவு தூரம் குனியாதீங்க, நான் பெருக்குறேன்," என்று மூன்றாவது படியிலிருந்து துடைப்பத்தை இறக்கினார்.

"பெரியவன்தானப்பா முதல்ல குனியணும். டாக்டர் சொன்னதை நீ கேக்கலையா?"

"கேட்டேன். குனியுறவர் உங்க பக்கத்துலயே குனியலாமே."

"என் பக்கமா? தாழ்மையில ஏதுப்பா பக்கம்?"

"அப்ப துடைப்பத்தை எடுங்க அபூனா."

"நீ எடு. சின்னவன்தானே விட்டுக் கொடுக்கணும்."

"காலையில பெரியவன்தான் விட்டுக் கொடுக்கணும்னு டாக்டர் சொன்னார். ஆபிரகாமும் லோத்தும் பாடத்துல."

டாக்டர் மேலே நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு சபை மேய்ப்பர்களும் ஒரே படியில் குனிந்து பெருக்குகிறார்கள் என்று அவர் கண் கலங்கியது. அந்தப் படம் பிறகு வேறு காரணத்துக்காகப் பிரபலமானது.

துடைப்பங்கள் ஒன்றோடொன்று சிக்கின. அபூனா லுவீஸ் இழுத்தார். அபூனா இஸ்திஃபான் தள்ளினார். புது பிளாஸ்டிக் பிடி ஒன்று முறிந்து, முறிந்த நுனி லுவீஸின் தாடையில் பட்டது. இஸ்திஃபானின் தொப்பி உருண்டு குகைக்குள் போனது. மேலே எழுந்த தூசியில் யார் யார் என்று தெரியவில்லை. துருக்கியர் காலத்துச் சமாதானம் டாக்டரின் மூக்குக்குள் போய்த் தும்மலாக வெளியே வந்தது. தவ்ஃபீக் விசிலை ஊதினான். ஏன் ஊதினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வெளியே முற்றத்தில் மறுநாள் கல்யாண ஊர்வலத்துக்காக மேளமும், தோல்பையை அமுக்கி ஊதும் பைக்குழலும் பழகிக்கொண்டிருந்த சாரணர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். பாதிப் பேர் இந்தச் சபை, பாதிப் பேர் அந்தச் சபை. மேளம் அடிக்கிற குச்சி எல்லாவற்றுக்கும் பயன்படும்.

அபூ யாசீன் வந்து எல்லாரையும் முற்றத்துக்குத் துரத்துவதற்குள் நாலாவது படி சுத்தமாகிவிட்டது. கல் வெளியே தெரிந்தது. நல்ல கல், இளஞ்சிவப்பு. உயிரோடு இருக்கும் யாரும் அதைப் பார்த்ததில்லை.

முற்றத்தில் ஊரே கூடிவிட்டது. கிரேக்கர்கள் அத்தி மரத்தின் பக்கம், லத்தீன்காரர்கள் தண்ணீர்த் தொட்டியின் பக்கம். நடுவில் டாக்டர், மூக்கைச் சிந்திக்கொண்டு.

"கடைசியாப் பெருக்கினது நாங்க," என்றது அத்தி மரம்.

"முதல்ல தொட்டது நீங்க, பெருக்கி முடிச்சது நாங்க," என்றது தொட்டி.

அபூ யாசீன் சாவியை இடுப்புப் பட்டையில் செருகிக்கொண்டு வாசல் நடுவில் நின்றார். முழங்கை நீளச் சாவி.

"எனக்கு உங்க படியும் வேணாம், உங்க தாழ்மையும் வேணாம்," என்றார். "வழக்கம் என்ன? ராத்திரி உள்ள கிரேக்க ஆள் ஒருத்தன், லத்தீன் ஆள் ஒருத்தன் படுக்கணும். காலையில உள்ளேர்ந்து தட்டினா நான் திறக்கணும். இன்னிக்கு ரெண்டு பேரை உள்ள விட்டா காலையில ஒருத்தன்தான் தட்டுவான்."

"அவங்க ஆளை விடாதீங்க," என்றார்கள் இரண்டு பக்கமும், ஒரே குரலில்.

"அப்ப யாருமில்லாமப் பூட்டணும். ஆளில்லாமப் பூட்டின கதவைத் திறக்க எருசலேம்லேர்ந்து ரெண்டு சபைத் தலைமையும் கையெழுத்துப் போட்ட கடுதாசி வரணும். போன தடவை ஒலிவக் காய் பறிக்கும்போது பூட்டினது. கடுதாசி அடுத்த ஒலிவக்குத்தான் வந்துச்சு."

எல்லாருடைய கண்ணும் நஜ்லாவின் பக்கம் திரும்பியது. பெத்லகேமில் போய்க் கல்யாணம் செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் ஆயரின் கடிதம் வேண்டும், நாளை ஞாயிறு, ஆயர் கடிதம் எழுத மாட்டார் என்று வேறு யாரோ சொன்னார்கள். பாவம், என்றார்கள் பெண்கள். இவ்வளவு சந்தோஷமாக அவர்கள் பாவப்பட்டு நஜ்லா பார்த்ததில்லை.

அப்போதுதான் பிஷாரா வந்தான். கடையை மூடிவிட்டு ஓடி வந்திருந்தான். பாதி முகத்தில் சவரம், பாதி முகத்தில் சோப்பு. மாப்பிள்ளைச் சவரம் நடந்துகொண்டிருந்தபோது சேதி போயிருக்கிறது. நஜ்லாவின் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினான். துக்க வீட்டில் பேசுகிற குரல். அதன் அடியில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் கேட்டாள்.

"மனசை விட்டுடாத நஜ்லா. எல்லாம் நல்லதுக்குத்தான். ஈஸ்டருக்கு அப்பறம் வெச்சுக்கலாம். வெயிலும் நல்லா அடிக்கும்."

"போன தடவையும் வெயில்தான் காரணம்னியா?"

"இல்ல, அது மகளுக்காக."

"ஆமா, மகளுக்காக. முகத்தைத் துடை."

அவள் கூட்டத்தின் நடுவே போனாள். பள்ளிக்கூட முற்றத்தில் வரிசை கலையும்போது நிற்பதுபோல் நின்றாள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் அடி வாங்கியவர்கள். பேச்சு தானாக அடங்கியது.

"தூசி எங்க?" என்றாள்.

தூசி இரண்டு தட்டுகளில் இருந்தது. கிரேக்கத் தட்டு ஒன்று, லத்தீன் தட்டு ஒன்று.

"ரெண்டையும் கொட்டிக் கலக்குங்க. திரும்ப அந்தப் படியிலயே போட்டுடுவோம். படியில தூசி இருந்தா எவனும் பெருக்கலைன்னு அர்த்தம். எவனும் பெருக்கலைன்னா சண்டை எதுக்கு?"

இரண்டு பாதிரியார்களும் யோசித்தார்கள். அவர்கள் படித்த இறையியலில் இதற்கு இடம் இல்லைதான், ஆனால் இதைவிட மோசமானவற்றுக்கு இடம் இருந்தது.

"தூசி போட்டுட்டோம்னே வை," என்றார் அபூனா இஸ்திஃபான். "ராத்திரி யார் காவல்? உள்ள ஒரு ஆள் இருக்கணுமே."

"ரெண்டு சபையையும் சேராத ஆள் ஒருத்தர் இருக்கலாம்," என்று டாக்டர் முன்னால் வந்தார். மூக்கு சிவந்திருந்தது. "தலைவன்னா நெருக்கடியில..."

"நீ வாயை மூடு," என்றார் அபூனா லுவீஸ். அன்றைக்கு முதல் முறையாக இஸ்திஃபான் அவர் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "இந்த ஆளைத் தூசியோட தனியா விட்டா, காலையில குகையையே பெருக்கி வெச்சிருப்பான்."

"மூணு துடைப்பம் இன்னும் கார்ல இருக்கு, நான் பார்த்தேன்," என்றான் தவ்ஃபீக்.

"அபூ யாசீன், நீங்களே உள்ள இருந்துடுங்களேன்," என்றது ஒரு குரல்.

"எங்க வீட்ல எவனும் உள்ள படுத்ததில்ல. படுத்தா மறுநாள் எங்களுக்கும் ஒரு படி வேணும்னு தோணிடும்."

அதில் உண்மை இருந்ததால் யாரும் வற்புறுத்தவில்லை. தவ்ஃபீக் லத்தீன். ஊரில் மீதி எல்லாரும் பிறந்த அன்றே ஏதாவது ஒரு பக்கம் போய்விட்டவர்கள். வெயில் சுவரின் மேல் விளிம்புக்கு ஏறியிருந்தது. பொழுது சாய்ந்தால் கதவு பூட்டியாக வேண்டும்.

"அபூனா இஸ்திஃபான்," என்றாள் நஜ்லா, "நான் எந்தச் சபை?"

"எங்க சபைதான், மகளே. உன் அப்பாவுக்கு நான்தான்..."

அவர் நிறுத்தினார். லத்தீன்காரனைக் கட்டுகிற கிரேக்கப் பெண் அவன் சபைக்குப் போவது வழக்கம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அவர்தான் அவள் பெயரைச் சபையிலிருந்து நீக்கி, ஆசீர்வதித்து, அவள் அம்மாவின் முன்னால் இரண்டு சொட்டுக் கண்ணீரும் விட்டார்.

"வெள்ளிக்கிழமையே உன் பேரை அடிச்சிட்டேன்," என்றார்.

"அபூனா லுவீஸ், நீங்க என்னைச் சேர்த்துட்டீங்களா?"

"மோதிரம் மாத்தினப்பறம்தான் சேர்க்கறது. நாளைக்கு மதியம்."

"அப்ப இன்னிக்கு நான் யாரு?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். தவ்ஃபீக் அவர் காலை மிதித்தான்.

"உள்ள படுக்கிறது ஆம்பளைதான் வழக்கம்," என்றார் ஒரு கிழவர் தொட்டிப் பக்கத்திலிருந்து.

"அப்ப நீங்க பெத்த ஆம்பளையில இந்த ரெண்டுலயும் சேராதவன் ஒருத்தனைக் கூப்பிடுங்க," என்றாள். கிழவர் தடியைப் பார்த்துக்கொண்டார்.

தூசியை அவளே போட்டாள். இரண்டு பாதிரியார்களும் மேலும் கீழுமாக நின்று மேற்பார்வை பார்த்தார்கள். இந்தப் பக்கம் மெல்லிசாக இருக்கிறது என்றார் ஒருவர். அந்த மூலையில் குவிந்திருக்கிறது என்றார் மற்றவர். பழைய தூசி போதவில்லை. பாதி டாக்டரின் நுரையீரலில் இருந்தது. முற்றத்திலிருந்து இரண்டு பிடி மண் அள்ளிவந்து கலந்தாள். அத்தி மரத்தின் பக்கம் ஒரு பிடி, தொட்டியின் பக்கம் ஒரு பிடி. கடைசியில் படி அசிங்கமாக, நம்பும்படியாக இருந்தது. இரண்டு பாதிரியார்களும் திருப்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள், ஒருவர் வலமிருந்து இடம், மற்றவர் இடமிருந்து வலம்.

அவள் சித்தி மருதாணிக் கிண்ணத்தோடு வந்து சேர்ந்தாள். வீட்டில் இருபது பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மணப்பெண் கோயிலில் தூசிக்குக் காவலா, உனக்குப் பைத்தியமா என்று முற்றம் அதிரக் கேட்டாள்.

"இங்கயே வை சித்தி, ரெண்டு கையிலயும் அப்பிடு," என்றாள் நஜ்லா. "கையில மருதாணி இருந்தா நான் துடைப்பத்தைத் தொட மாட்டேன்னு இவங்களுக்கும் நிம்மதி."

அபூனா இஸ்திஃபானும் அபூனா லுவீஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல ஏற்பாடு என்று இருவருக்குமே பட்டது. முற்றத்துச் சுவரோரம் உட்கார்ந்து கையை நீட்டினாள். சித்தி திட்டிக்கொண்டே வைத்தாள். பெண்கள் இரண்டு பேர் அரை மனதாகக் குலவையிட்டார்கள். டாக்டர் போனைத் தூக்கினார். நஜ்லா பார்த்த பார்வையில் இறக்கிவிட்டார். பிறகு அவர் எரிகோவுக்குக் கிளம்பினார். மறுநாள் அங்கே வேறொரு கூட்டத் தலைவர்களுக்கு மதில் இடிகிற பாடம் இருந்தது.

யாரோ ஒரு கம்பளியைத் தோளில் போட்டார்கள். பிஷாரா சோப்பைத் துடைத்துவிட்டு வந்து நின்றான்.

"ராத்திரி முழுக்கத் தனியா... உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், நஜ்லா? நிதானமா யோசிச்சா..."

அவள் தவ்ஃபீக்கைக் கூப்பிட்டாள்.

"விடியுறதுக்கு முன்னாடி உன் பசங்களைக் கூட்டிட்டு இவர் வீட்டு வாசலுக்குப் போ. மேளம், பைக்குழல், எல்லாத்தையும் எடுத்துக்க. இவர் கோட்டு போட்டு வெளிய வர்ற வரைக்கும் அடி. நிறுத்தாத."

"பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போடுவாங்க, மிஸ்."

"போடட்டும். அதுக்கும் சேர்த்துத்தான் அடிக்கச் சொல்றேன்."

பிஷாரா ஏதோ சொல்ல நினைத்து, விசிலைப் பார்த்து, சரி என்றான். அவன் சரி என்று சொல்லி அவள் கேட்டது அது முதல் தடவை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்வதற்கும் வருவதற்கும் நடுவே ஒரு ராத்திரி இருந்தது.

இரண்டு கையையும் மருதாணி கலையாமல் முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சரணடைகிறவள் மாதிரி அவள் உள்ளே போனாள். அபூ யாசீன் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே கம்பளி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அவர் சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார், கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்தார், பூட்டியிருந்தது.